வளவு வீட்டில் ஒரு நாவல் அலமாரி: பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்தகங்கள்

எங்களுடையது வளவு வீடு, அதாவது முற்றம் வைத்த செட்டிநாட்டு வீடு. அதன் முகப்பில் ஆறு வருடமாகச் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் கூடிப் படிக்கிறார்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் சின்ன ஊர். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். இருக்கிற பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்தால் இருபது பேர் தேறும். அதில் எட்டுப் பேர் தவறாமல் வருவார்கள். இதைக் கேள்விப்பட்டு கண்டனூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து அவ்வப்போது யாராவது வந்து கேட்பார்கள். "நாங்களும் தொடங்கலாம்னு இருக்கோம். என்ன புத்தகம் வாங்கணும், எங்க வாங்கணும், வாங்கினா படிப்பாங்களா?"

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கூட விளையாடுகிற பிள்ளை சொன்னால் படிப்பார்கள். நான் எடுத்துக் கொடுத்து ஒரு பிள்ளை கடைசிப் பக்கம் வரை படித்த நாவல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஏழாம் வகுப்புப் பையனிடம், "மொத ரெண்டு அத்தியாயம் பொறுத்துக்கோ, அதுக்கப்புறம் கீழ வைக்க மாட்டே" என்று சொல்லிக் கொடுத்த புத்தகம் தெரு முழுக்கச் சுற்றி, அட்டை கிழிந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அந்தப் புத்தகத்தை அதற்கு முன் நான் மூன்று பேரிடம் கொடுத்துப் பார்த்திருந்தேன்.

இனி நான் சொல்லப்போகிற எல்லாமே ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு நாவல் சொல்லும் அந்த நேரம் வருவதற்கான ஏற்பாடுகள்தான். நாவல் என்று அழுத்திச் சொல்வதற்கும் காரணம் உண்டு. சிறுகதையை ஒரே இருப்பில் கேட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். நாவல் ஒரு வாரமாவது கூடவே இருக்கும். "நீ எது வரைக்கும் வந்திருக்கே?" என்ற கேள்வி பள்ளிக்கூட வேனில் கேட்கும், ஊருணிக்கரையில் கேட்கும். அந்தப் பேச்சிலிருந்துதான் அடுத்த வாசகர் வருகிறார்.

முதலில் நீங்கள் ஒன்று படியுங்கள்

பெரியவர்கள் பலருக்குச் சிறுவர் புத்தகம் என்றால் அம்புலிமாமாவோடு நின்றுபோன நினைவு: ராஜா, வேதாளம், கடைசியில் நீதி. இப்போது வருகிற நாவல்கள் அப்படி இல்லை. அது தெரியாமல் புத்தகம் வாங்கப் போனால், பளபள அட்டை போட்ட நீதிக்கதைத் தொகுப்பைத்தான் வாங்கி வருவீர்கள். அதனால் பிள்ளைகளைக் கூப்பிடுவதற்கு முன் நீங்கள் ஒரு சிறுவர் நாவலை முழுதாகப் படித்துவிடுங்கள். இரண்டு ராத்திரி போதும்.

எதைப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'யைத்தான் சொல்வேன். ஜப்பானில் டெட்சுகோ குரோயானகி தன்னுடைய சிறுவயதுப் பள்ளியைப் பற்றி எழுதி 1981இல் வந்த புத்தகம். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. உள்ளபடி இது நடந்த கதை, நாவல் என்று சொல்லக் கூடாது. ஆனால் பிள்ளைகள் இதை நாவலாகத்தான் படிக்கிறார்கள். வேறு பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமி புதுப் பள்ளிக்கு வருகிறாள். தலைமையாசிரியர் நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் பேசுவதை நான்கு மணி நேரம் கேட்கிறார். அந்த இடத்தைப் படித்துவிட்டால் சனிக்கிழமைகளில் உங்கள் வேலை என்ன என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

யாரால் எவ்வளவு படிக்க முடியும்

பின்னட்டையில் போட்டிருக்கும் வயதை வைத்துப் புத்தகம் கொடுக்காதீர்கள். நம் பக்கத்தில் ஒரே தெருவில் மூன்று வகைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிற பிள்ளை நான்காம் வகுப்பிலேயே நூறு பக்கம் ஓட்டிவிடும். ஆங்கில வழியில் படிக்கிற எட்டாம் வகுப்புப் பிள்ளை தமிழில் பத்து வரிக்கு மேல் திணறும். மே மாதம் ஐயா (தாத்தா) வீட்டுக்குச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிற பிள்ளைகள் நன்றாகத் தமிழ் பேசுவார்கள், எழுத்துக்கூட்டத்தான் வராது.

ஒரு எளிய சோதனை இருக்கிறது. புத்தகத்தின் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். புரியாத சொல் வரும்போதெல்லாம் அதுவே ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் ஆறு மாதம் காத்திருக்கட்டும். இதைத் தனியாக வைத்துச் செய்யுங்கள். மற்றப் பிள்ளைகள் முன்னால் ஒரு பிள்ளையின் விரல் மடங்கக் கூடாது.

தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது. அந்தப் பெயர்களையே நாங்கள் எடுத்துக்கொண்டோம். 'நட'வில் இருக்கிறேன் என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் கூச்சம் இல்லை. 'ஸ்லோ ரீடர்' என்று சொல்லிப் பாருங்கள், மறுவாரம் வராது.

எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகளை ஒதுக்கிவிட வேண்டாம். 'ஓடு' நிலையில் இருக்கிற பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கோடையில் சிங்கப்பூர்ப் பிள்ளை ஒன்றுக்கு எங்கள் தெருப் பையன் ஒரு நாவல் முழுவதையும் இறங்குவாரத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினான். ஊருக்குப் போகும்போது அந்தப் பிள்ளை, "ஆச்சி, அடுத்த தடவை நான் அவனுக்கு வாசிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனது. மறுவருடம் வந்து வாசித்தது.

முதல் அலமாரி

முதலில் ஏழெட்டுப் புத்தகத்துக்கு மேல் வாங்காதீர்கள். நாற்பது புத்தகத்தைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு மலைப்பாகிவிடும். எட்டுப் பேருக்கு எட்டுப் புத்தகம் என்றால் கைமாறியே ஆக வேண்டும்; கைமாறும்போதுதான் பேச்சு வரும். எங்கள் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அதிகம் சொன்ன புத்தகங்களை வைத்துச் சொல்கிறேன்.

சிவகங்கைச் சீமைப் பிள்ளைகளுக்கு உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'யிலிருந்து தொடங்குவது சுலபம். கீழடியையும் அங்கே வாழ்ந்த பழைய மனிதர்களையும் ஒரு சிறுவன் வழியாகச் சொல்லும் நாவல். 2023இல் சாகித்திய அகாதெமியின் சிறுவர் இலக்கிய விருதான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. கீழடி நம் மாவட்டம்தான் என்று சொன்னாலே பாதிப் பிள்ளைகள் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார்கள். ஆதன் என்ற பெயர் கீழடிப் பானையோடுகளில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறிக் கிடைத்த பெயர் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டு ஓடிவருகிற பிள்ளையின் சந்தோஷத்தை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாகசம் கேட்கிற பையன்களுக்கும் பெண்களுக்கும் ஜெயமோகனின் 'பனிமனிதன்'. தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்தது. இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகிறவர்களின் கதை. ஓட்டத்தோடு ஓட்டமாகப் பரிணாமம், அறிவியல் எல்லாம் வரும். கொஞ்சம் கனமான புத்தகம், 'ஓடு' நிலையில் இருப்பவர்களுக்குச் சரியாக இருக்கும். எங்கள் முகப்பு வெயிலில் வேர்த்து வழிய உட்கார்ந்து பனியைப் பற்றி வாசித்தது பிள்ளைகளுக்குத் தனிக் கொண்டாட்டம்.

கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' சின்னப் புத்தகம். ஆனால் அவசரப்பட்டுக் கொடுக்கக் கூடாதது. கரிசல் காட்டுப் பையன் ஒருவன் பறவைகளின் பின்னாலும் அவற்றின் முட்டைகளின் பின்னாலும் அலைகிற கதை. கரிசல் பேச்சு நம் பிள்ளைகளுக்கு முதலில் இடறும். முதல் பத்துப் பக்கத்தை நீங்களே வாய்விட்டு வாசித்துக் காட்டினால், அந்தப் பேச்சு காதில் ஏறிவிடும், பிறகு தடையில்லை. முட்டை எடுப்பது இன்றைக்குச் சட்டப்படி குற்றம் என்பதை, அவர்கள் கேட்டால் சொல்லுங்கள். எங்களிடம் எல்லாரும் கேட்டார்கள்.

படிக்கவே சோம்பல் படுகிற பிள்ளைக்கு விழியனின் 'பென்சில்களின் அட்டகாசம்' போல மெலிந்த புத்தகம் ஒன்று அலமாரியில் இருக்க வேண்டும். ஒரு புத்தகத்தை முழுதாக முடித்தேன் என்று சொல்லும் பெருமை அந்தப் பிள்ளைக்குச் சீக்கிரம் கிடைக்க வேண்டும். எஸ். ராமகிருஷ்ணனின் 'ஏழு தலை நகரம்' விசித்திரங்களை விரும்புகிற பிள்ளைக்கு. படம் வரைகிற பிள்ளைக்கு 'குட்டி இளவரசன்'. அந்த்வான் து செந்த்-எக்சுபெரி 1943இல் எழுதியதை வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்து, க்ரியா வெளியிட்டது. யானையை விழுங்கிய மலைப்பாம்பின் படத்தைப் பெரியவர்கள் தொப்பி என்று சொல்லும் முதல் பக்கங்களைப் படித்த அன்று, எங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் ஆளுக்கொரு மலைப்பாம்பு வரைந்து, அவரவர் அப்பச்சியிடம் (அப்பாவிடம்) காட்டி, என்ன சொல்கிறார் என்று கேட்டு வந்தார்கள்.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேசும் மரப்பாச்சி பொம்மை வழியாக, தவறான தொடுதலைப் பற்றியும் அதை வெளியே சொல்லும் துணிச்சலைப் பற்றியும் பிள்ளைகளோடு பேசுகிற நாவல். 2020ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் இதற்குத்தான். நம் வீட்டுப் பெட்டகங்களில் மரப்பாச்சி கிடப்பதால் பிள்ளைகள் ஆசையாக எடுப்பார்கள். அலமாரியில் வைப்பதற்கு முன் நீங்கள் முழுதாகப் படித்திருக்க வேண்டும், பெற்றோரிடம் சொல்லியிருக்க வேண்டும். படித்து முடித்த பிள்ளை உங்கள் பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்தால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு நீங்களும் உட்காருங்கள். ஏதாவது சொன்னால் நம்புங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதைச் சுவரில் எழுதி வையுங்கள்.

விருது பெற்றவை என்று தேடுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு: இந்த விருதைத் தமிழில் முதன்முதலில், 2010இல், வாங்கிய மா. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'. 2025இல் வாங்கிய விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. விருது நமக்கு வழிகாட்டும். பிள்ளைகளிடம் மட்டும் அதைச் சொல்லிப் புத்தகம் கொடுக்காதீர்கள். விருது என்ற சொல் கேட்டதுமே பாடப்புத்தகம் என்று முகம் மாறிவிடுகிறது.

எங்கே கிடைக்கும்

புதிய நாவல்கள் பெரும்பாலும் மெலிந்தவை, விலையும் கைக்கு அடங்கியதுதான். பாரதி புத்தகாலயம், வானம் பதிப்பகம், நேஷனல் புக் டிரஸ்ட் ஆகியோரிடம் பட்டியல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; தபாலில் வந்துவிடும். காரைக்குடி, சிவகங்கை, புதுக்கோட்டைப் புத்தகத் திருவிழாக்களில் நேரில் புரட்டிப் பார்த்து வாங்கலாம். கிளை நூலகத்தில் பிள்ளை பெயரிலேயே உறுப்பினர் அட்டை எடுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு போங்கள். அங்கே சிறுவர் புத்தகங்கள் பல சமயம் பெரியவர்கள் புத்தகத்தோடு கலந்து கிடக்கும். நூலகரிடம் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கூட நின்று பிரித்துக் கொடுத்தீர்கள் என்றால், அந்தத் தட்டு உங்கள் பிள்ளைகளுக்கு நிரந்தரமாகிவிடும். மதுரைக்குப் போகிற வேலை வந்தால் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்கு ஒரு அரைநாள் ஒதுக்குங்கள்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் உங்கள் சொந்த வீட்டில் தேடுங்கள். இதைச் செட்டிநாட்டுக்காரர்களுக்குத்தான் சொல்ல முடியும். இரண்டாங்கட்டு அறைகளில், மாடி அறைகளில், பித்தளைச் சாமானுக்கு நடுவில் தகரப் பெட்டியில் பைண்டு செய்த தொடர்கதைகளும் பழைய சிறுவர் இதழ்களும் கிடக்கின்றன. கிடக்கத்தான் செய்யும், தமிழில் பிள்ளைகளுக்கு எழுதியவர்களில் எத்தனை பேர் இந்த மண்ணிலிருந்து போனவர்கள்! குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்தது ராயவரத்தில். அவர் சென்னைக்குப் போய் முதலில் வேலைக்குச் சேர்ந்த சக்தி காரியாலயத்தை நடத்திய வை. கோவிந்தனும் ராயவரத்துக்காரர்தான். 'பலே பாலு' போன்ற படக்கதைகளும் ஏராளமான சாகசக் கதைகளும் எழுதி, பூந்தளிர் இதழை நடத்திய வாண்டுமாமா 1925இல் அரிமளத்தில் பிறந்தார். கல்கண்டு ஆசிரியர் தமிழ்வாணன் 1926இல் தேவகோட்டையில் பிறந்தார். அவருடைய சங்கர்லால் துப்பறியும் கதைகளை நம் அப்பச்சிகளும் ஆத்தாக்களும் பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவர்கள். ஊருக்கு அனுப்பிய இதழ்கள் எல்லாம் ஊரில்தான் தங்கின.

பெட்டியைத் திறந்தால் செய்ய வேண்டியது: மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். புத்தகத்தை உதறாதீர்கள், மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தள்ளுங்கள். உச்சி வெயிலில் காய வைக்காதீர்கள். மரக்கூழ்த் தாள் ஏற்கெனவே அமிலத்தால் பழுத்துப்போயிருக்கும், வெயில் பட்டால் அப்பளமாக நொறுங்கும். முற்றத்துத் தூண் நிழலில் காற்றாட விரித்து வைத்தால் போதும். பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் போடுங்கள். நொறுங்கும் நிலையில் இருப்பதைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம். பக்கம் பக்கமாகச் செல்போனில் படம் பிடித்துவிட்டு, அதை நீங்கள் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். உறுதியான தாளில் அச்சான பைண்டிங் புத்தகங்களைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

பழைய பேப்பர்காரரிடம் மட்டும் போட்டுவிடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த புத்தகங்கள்தான் 1994 முதல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. புதுக்கோட்டையில் ஞானாலயா என்ற நூலகம் இருக்கிறது. உங்களுக்கு வேண்டாம் என்றால் அப்படி ஒரு இடத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். எங்கள் வீட்டிலேயே நான் கல்யாணமாகி வருவதற்கு முன் மூன்று பெட்டி எடைக்குப் போயிருக்கிறது. அதில் என்னென்ன இருந்தன என்று என் மாமியார் சொல்லக் கேட்டு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

முதல் சனிக்கிழமை

இடம் பெரிதாக வேண்டாம். திண்ணை போதும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் கோடையில் குளிர்ச்சி. மார்கழியில் பாய் விரித்துவிடுங்கள். மணி நான்கரைக்கு மேல் வையுங்கள், டியூஷனோடு மோதாது. பலகாரம் கொடுப்பதானால் படித்து முடித்த பிறகு கொடுங்கள். தேன்குழல் தின்ற கை பட்ட பக்கம் எண்ணெய்க் கறையோடுதான் அடுத்த பிள்ளைக்குப் போகும். சீப்புச்சீடையும் அப்படியே. வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் துண்டும் இருக்கட்டும்.

ஒரே ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தை வாய்விட்டு வாசியுங்கள். நடிக்க வேண்டாம், குரலை மாற்ற வேண்டாம், நிதானமாக, நிறுத்தி. அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுங்கள். "அப்புறம்?" என்று கேட்பார்கள். "எனக்கும் தெரியணும். யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சுட்டுச் சொல்லுங்க" என்று கேளுங்கள். இரண்டு கை நீளும். மூத்த பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள். வாயாடிப் பிள்ளையிடம் கொடுங்கள். அது படித்ததை வாரம் முழுக்கத் தெருவில் சொல்லிக்கொண்டே திரியும்.

"இதிலிருந்து நீ என்ன கத்துக்கிட்டே?" என்று மட்டும் கேட்காதீர்கள். முதல் வருடம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் ஒழுங்காக "உண்மையே பேசணும் ஆச்சி" என்று பதில் சொல்லிவிட்டு, புத்தகத்தைத் திரும்ப வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கேள்வியை விட்ட பிறகுதான் பேச்சு வந்தது. டோட்டோ-சானின் பள்ளியில் வகுப்புகள் பழைய ரயில் பெட்டிகளில் நடக்கும். ஒரு பையன் சைக்கிளை நிறுத்தாமலே கத்திக்கொண்டு வந்தான்: "ஆச்சி, ரயில் பெட்டியிலதான் ஸ்கூலே! செட்டிநாடு ஸ்டேஷன்ல ஒரு பெட்டி கேட்டா தருவாங்களா?" அந்தப் பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குக் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் கொண்டு வர வேண்டும். அதைப் படித்த வாரம் எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறந்து கருவாடு கடல், அவரைக்காய் மலை என்று தகராறு செய்துகொண்டிருந்தார்கள். புத்தகம் உள்ளே இறங்கியதற்கு அதைவிட வேறு அடையாளம் எனக்குத் தேவைப்படவில்லை.

சொல்லும் நோட்டு

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிப் புத்தகங்களோடு வையுங்கள். படித்து முடித்த பிள்ளை அதில் மூன்று வரி எழுத வேண்டும். யாருக்கு இது பிடிக்கும். எந்தப் பக்கத்திலிருந்து விறுவிறுப்பு. எது பிடிக்கவில்லை. கதைச் சுருக்கம் எழுத வேண்டாம். எழுதினால் அடுத்த பிள்ளை அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தைத் தொடாது.

முதல் வரிதான் முக்கியம். "எல்லாருக்கும் பிடிக்கும்" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், இன்னும் குறிப்பாகக் கேளுங்கள். எங்கள் நோட்டிலிருந்து சில: "தம்பியோட சண்டை போடுறவங்களுக்கு." "இருட்டுன்னா பயப்படுறவங்க பகல்ல படிக்கணும்." "நாய் வளர்க்க வீட்ல விட மாட்டேங்குறாங்கன்னா இதைப் படி." எந்தப் பெரியவருக்கும் இப்படி ஒரு பரிந்துரை எழுத வராது.

மூன்றாவது வரியைக் கட்டாயமாக்குங்கள். பிடிக்காததைச் சொல்ல அனுமதி இருந்தால்தான் பிடித்ததாகச் சொல்வதை மற்றப் பிள்ளைகள் நம்புவார்கள். ஒரு பெண் நான் உயிராக நினைக்கிற நாவலைப் பற்றி, "வானத்தைப் பத்தி ரொம்ப நேரம் சொல்றாங்க, யாரும் எதுவும் பண்ணல" என்று எழுதினாள். அழிக்கவில்லை, திருத்தவும் இல்லை. அடுத்த மாதம் அவள் 'நல்லா இருக்கு' என்று எழுதிய புத்தகத்துக்கு நான்கு பேர் பெயர் கொடுத்தார்கள்.

எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் திருத்தாதீர்கள். மதிப்பெண், ஸ்டார், அதிகம் படித்தவருக்குப் பரிசு எதுவும் வேண்டாம். ஒரு வருடம் பரிசு வைத்தோம். மெலிந்த புத்தகமாகப் பார்த்து எடுத்து, கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கணக்குக் காட்டினார்கள். பிள்ளைகள் மேல் தவறில்லை, பரிசு வைத்த விதம் அப்படி.

இரவல்

இன்னொரு நோட்டில் தேதி, புத்தகம், பெயர். பிள்ளைகளே எழுதட்டும். பிரவுன் அட்டை போட்டு அதன் மேல் முதல் அட்டையின் படத்தை ஒட்டுங்கள். படம் தெரியாத புத்தகத்தைப் பிள்ளைகள் எடுப்பதில்லை. இரண்டு வாரம் தவணை. கிழிந்தால் திட்டாதீர்கள், பசையும் டிஷ்யூ தாளும் கொடுத்து ஒட்டச் சொல்லுங்கள். செல்லோடேப் வேண்டாம், மஞ்சள் பிடித்துவிடும்.

வருகிற சிக்கல்கள்

பாதியில் நிறுத்துகிற பிள்ளை: நிறுத்தட்டும். எந்தப் பக்கத்தில் நிறுத்தியது என்று மட்டும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தால் அந்த அத்தியாயத்தை நீங்கள் வாசித்துக் காட்டிக் கடத்திவிடலாம்.

காமிக்ஸ் மட்டும் கேட்கிற பிள்ளை: கொடுங்கள். 1972இல் முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவியிலிருந்து நாவலுக்கு வந்தவர்கள் நம் தலைமுறையில் எத்தனையோ பேர். அலமாரியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

செல்போன்: பிடுங்கிவிட்டுப் புத்தகத்தைக் கையில் திணித்தால், அந்தப் பிள்ளைக்குப் புத்தகம் தண்டனையாகிவிடும். எங்கள் வீட்டில் வாசல் மாடத்தில் ஒரு கொட்டான் (ஓலைக் கூடை) இருக்கிறது. பெரியவர்கள் உட்பட எல்லார் போனும் ஐந்தரை மணி வரை அதில் இருக்கும். நான் போடுவதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் போட்டார்கள்.

"இது பரீட்சைக்கு உதவுமா ஆச்சி?" என்று கேட்கும் தாய்மாருக்கு நான் வாதம் செய்வதில்லை. அவர்களையும் ஒரு சனிக்கிழமை உட்கார வைத்துவிடுவேன். தன் பிள்ளை வேறொரு பிள்ளையிடம் அரை மணி நேரம் தடங்கலில்லாமல் தமிழில் பேசுவதை அவர்களே பார்க்கட்டும். அதன் பிறகு அந்தக் கேள்வி வருவதில்லை. சிலர் தங்களுக்கும் ஒரு புத்தகம் கேட்கிறார்கள். ஒரு அப்பத்தா 'பிஞ்சுகள்' வாங்கிப் போய் ஒரே நாளில் முடித்துவிட்டு, நோட்டில் "காடு மேடா அலைஞ்சு வளர்ந்தவங்களுக்கு" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

புத்தகத்தோடு ஒரு பயணம்

வருடத்தில் ஒரு தடவையாவது நாவலின் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். நம் ஊரிலிருந்து இரண்டு இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 'ஆதனின் பொம்மை' படித்தவர்களைக் கீழடிக்கு. 2023 மார்ச்சில் திறந்த அந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் உள்ளே நுழைந்ததும் "நம்ம வீடு மாதிரி இருக்கு" என்று தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பானையோடுகளுக்குப் போனார்கள். ஆதன் என்று எழுதிய ஓட்டை யார் முதலில் கண்டுபிடிப்பது என்று ஓட்டம். பெரியவர்கள் பின்னால் நின்றால் போதும்.

'பிஞ்சுகள்' படித்தவர்களை வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு. வலசை வரும் காலத்தில், மார்கழி, தை வாக்கில் போங்கள். பறவைகள் மிரளக் கூடாது என்று அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அதைச் சொன்னதும், அந்த நாவலின் பையன் இங்கே பிறந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று வேனில் ஊர் வந்து சேரும் வரை பேசினார்கள்.

அடுத்த புத்தகங்களைப் பிள்ளைகளே வாங்கட்டும்

இரண்டாவது வருடத்திலிருந்து புத்தகம் தேர்ந்தெடுக்கும் வேலையை விட்டுவிடுங்கள். புத்தகத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பு சொல்லும் நோட்டைச் சேர்ந்து உட்கார்ந்து புரட்டுங்கள். யாருடைய புத்தகத்துக்கு அதிகம் பெயர் விழுந்தது, அதே எழுத்தாளர் வேறென்ன எழுதியிருக்கிறார் என்று அவர்களே ஒரு பட்டியல் போடட்டும். திருவிழாவில் ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய் கையில் கொடுத்துவிடுங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு கனத்த புத்தகம் வாங்கலாம். வாங்குவதற்கு முன் கடையிலேயே நின்று ஒரு பக்கம் படித்து விரலை மடக்கிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டும்தான் விதி.

நமக்குப் பிடிக்காத அட்டையோடு ஏதாவது வாங்கி வருவார்கள். வாங்கட்டும். பில்லை இரவல் நோட்டின் பின்பக்கத்தில் ஒட்டி, பக்கத்தில் யார் தேர்ந்தெடுத்தது என்று எழுதுங்கள். திரும்பி வரும் பஸ்ஸிலேயே பாதிப் பேர் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஜன்னலோர இருக்கையை அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.